மழை விட்டும் அண்ணன் வெட்டுக்குப் போகவில்லை

முதலில் 14416 என்ற எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். கட்டணம் கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை இது. நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது.

அண்ணனுக்குக் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. மழைக்காலத்தில் வேலை நிற்பது அவருக்குப் புதிதல்ல. ஆனால் போன வருஷம் மழை விட்ட பிறகும் அவர் எழும்பிப் போகவில்லை. நெற்றியில் கட்டும் லைட்டும் கத்தியும் ஆணியிலேயே தொங்கின. சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்” என்று மைனியிடம் (அண்ணியிடம்) அடிக்கடி சொல்லியிருக்கிறார். அதை மைனி என்னிடம் சொன்ன ராத்திரிதான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. தங்கச்சி பேசுகிறேன் என்றதும் ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். எத்தனை நாளாக இப்படி, தூக்கம் எப்படி, குடிப்பாரா என்று விசாரித்துவிட்டு, சாவதைப் பற்றிப் பேசுகிறாரா என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். வராது, மனதில் அடைத்து வைத்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்றார். அவரைத் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது என்றார். ரப்பர் வீட்டில் பாலை உறைய வைத்து ஷீட் போட ஆசிட் இருக்குமே! நானும் மைனியும் டார்ச் அடித்துக்கொண்டு போய் அந்தக் கேனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் சித்தப்பா, “ஊளம்பாறைக்கா கொண்டு போற?” என்று சத்தம் போட்டார். திருவனந்தபுரம் ஊளம்பாறையில் உள்ள பழைய மனநல மருத்துவமனை அது. 1956 வரை குமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில் இருந்ததால் எங்கள் பெரியவர்களுக்கு மனநோய் என்றாலே அந்த ஊர்தான் ஞாபகம் வரும். இன்னொரு சொந்தக்காரர் ஜெபம் பண்ணுகிற ஓரிடத்தில் கொஞ்ச நாள் தங்க வைக்கச் சொன்னார். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அம்மா தினமும் முழங்காலில் நின்றார். ஆனால் சிகிச்சைக்குப் பதிலாக அங்கே விட எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பிரார்த்தனையை நம்பி விடப்பட்ட மனநோயாளிகள் இல்லத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தது எனக்கு மறக்காது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. அரசு சிகிச்சையை நம் உரிமை என்றும் சொல்கிறது. சிகிச்சை விவரத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பதும் அதில் உண்டு. இதைச் சொன்ன பிறகுதான் அண்ணன் சட்டையை மாட்டினார்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுத்து மனநலப் பிரிவில் உட்கார்ந்தோம். டாக்டர் முதலில் அண்ணனிடம் தனியாகப் பேசினார், பிறகு எங்களைக் கூப்பிட்டார். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். “வெட்டுக்கு எத்தன மணிக்கு எழும்புவீங்க?” என்று கேட்டு, விடியுமுன் எழும்புகிறவருக்குத் தோதாக மாத்திரை நேரத்தை முன்னதாக வைத்தார். எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலும் தலைச்சுற்றலும் அதற்கு முன்பே வந்துவிடும். “எனக்கு இந்த மாத்திர வேண்டாம் பிள்ளே, என்ன விட்ரு” என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றுவார். நாங்கள் மறுபடியும் 14416-க்குப் போன் போட்டோம். அன்று மைனியும் தனக்காகப் பேசினார். வீட்டில் ஒருவர் படுத்தால் பார்த்துக்கொள்கிறவரும் உடைந்து போகிறார், அவரிடமும் யாராவது சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்க வேண்டும். தைரியமாக இரு என்று அண்ணனிடம் சொல்வதை விட்டுவிட்டு, ஜங்ஷன் வரை கூடவே நடந்து டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள், அது போதும் என்று போனில் சொன்னார்கள். அதைத்தான் செய்தோம். ஒரு மத்தியானம் சாளைக் கறியில் உப்பு இல்லை என்று அண்ணன் குறை சொன்னார். மைனி அடுக்களைக்குள் போய் அழுதார்.

இப்போது வெட்டுக்குப் போகிறார். தேறிய பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை தொடர வேண்டும், டாக்டர் சொல்லாமல் விடக் கூடாது.

முதல் தடவை போகிறவர்கள் ஆதாரையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுகர், பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டுங்கள். அடுத்தடுத்த தடவைக்கு, மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் வருகிறார் என்று அங்கேயே கேளுங்கள். ஒவ்வொரு முறையும் நாகர்கோவில் வரை போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதற்காகவே பாதியில் விட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.