கிரந்திப் பட்டியலும் ஒரு கொப்பியும்

எங்கள் வீட்டில் உடம்பு கடித்தால் முதலில் வரும் சொல் கிரந்தி, அதாவது கடியையும் தடிப்பையும் கொண்டுவரும் என்று சொல்லப்படும் சாப்பாடு. கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, கணவாய், இறால் என்று அம்மா விரல் மடித்துச் சொல்லும் பட்டியல் எனக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். இரண்டு வருடங்களாகக் கையிலும் வயிற்றிலும் தடிப்புகள் எழும்பி, இடையிடையே வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டபோது, அந்தப் பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்றை நிறுத்திய வேளையில் மற்றவற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் எதுவும் பிடிபடவில்லை.

சித்திரைக் கடைசியில் தோல் வைத்தியர் அந்த முறையைத் தலைகீழாக்கினார். கோதுமை, பால், முட்டை, கச்சான், கசுக்கொட்டை, சோயா, எள்ளு, மீன், இறால், நண்டு, கணவாய் அனைத்தையும் நான்கு வாரங்களுக்கு ஒன்றாக நிறுத்தி, தடிப்பு அடங்கிய பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாட்கள் பொறுத்திருந்து பார்க்கும்படி சொன்னார். சாப்பிட்ட பொருள், நேரம், உடம்பில் கண்ட மாற்றம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வேண்டும். உதடோ நாக்கோ வீங்கியவர்களும் மூச்சு முட்டியவர்களும் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். நானும் அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கத்தரிக்காய் அவர் சொன்னவற்றில் இல்லை. அம்மாவுக்கு அதனாலேயே வைத்தியர்மீது பாதி நம்பிக்கை போய்விட்டது.

அரிசிமாப் பிட்டுத்தானே என்று நினைத்தால், அதில் பாதி அவித்த கோதுமை மா. பொரியலுக்கு நல்லெண்ணெய், வெள்ளிக்கிழமைக் கறிக்குச் சோயா மீற், தேங்காய்ச் சம்பலுக்குள் மாசிக் கருவாடு. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியின் ஓலைப் பின்னலுக்குள் பழைய மா வெள்ளையாக ஒட்டியிருந்ததைக் கண்டு புதிய பெட்டி வாங்கினோம். சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, மரவள்ளி, பூசணி, முருங்கையிலை, பயறு என்று நாட்கள் போயின.

அதைவிடக் கடினமாக இருந்தது அம்மாவின் முகம். 2009 இல் போரின் கடைசி நாட்களில் ஓர் அகப்பை கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கு, போட்ட சாப்பாட்டைப் பிள்ளை தள்ளி வைப்பதைத் தாங்க முடியவில்லை. "இருக்கேக்க சாப்பிடு பிள்ளை" என்பார். மூன்றாவது வாரத்தில் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 வந்தது. எங்கள் ஒழுங்கையில் காய்ச்சிய முள்ளிவாய்க்கால் கஞ்சியில் அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். அந்த ஒரு மாதத்தில் எதையும் விசாரிக்காமல் ஊரோடு சேர்ந்து நான் குடித்தது அது ஒன்றே. சிரட்டையை நான் வெறுமையாக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

தடிப்பு அதற்குள் ஏறக்குறைய அடங்கியிருந்தது. பிறகு ஒரு காலை, மாசி போடாத சம்பலும் சோறும் சாப்பிட்டு அரை மணிநேரத்துக்குள் முழங்கையிலிருந்து தடித்துக்கொண்டு வந்தது. கொப்பியில் சந்தேகப்பட எதுவும் இல்லை. அம்மிக் குழவியைக் கழுவப் போனபோதுதான் கல்லின் பொளிவுகளுக்குள் செம்மஞ்சளாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டேன். முதல் நாள் தம்பிக்கு அம்மா அரைத்த கூனிச் சம்பல்; கூனி என்பது காயவைத்த சின்ன இறால். இறாலில் ஒவ்வாமையை உண்டாக்கும் முக்கியமான புரதம் வெப்பத்தில் எளிதில் அழிவதில்லை என்று வைத்தியர் பிறகு விளக்கினார். அதனால் அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்துத் தூளாக்கினாலும் ஒவ்வாமை உள்ளவருக்கு அது இறால்தான்.

திரும்பச் சேர்த்தபோது கோதுமையும் முட்டையும் பாலும் எதுவும் செய்யவில்லை. மீனும் ஒத்துக்கொண்டது. கத்தரிக்காயை இந்த முறை நான் நிறுத்தவே இல்லை. வருடக்கணக்காகப் பலர் கிரந்தி என்று விலக்கி வைத்திருக்கும் உணவுகளில் எத்தனை இப்படிக் குற்றமில்லாமல் ஒதுங்கிக் கிடக்கின்றனவோ என்று யோசிக்கிறேன். வளரும் பிள்ளைகளுக்கு முட்டையையும் பாலையும் யாரோ சொன்னதற்காக நிறுத்தி வைப்பது எனக்கு இப்போது மிகவும் கவலை தருகிறது.

இறாலையும் நண்டையும் நான் தொடுவதில்லை. கணவாயிலும் அதே வகைப் புரதம் இருப்பதால் அதை வைத்தியசாலையில் வைத்தே சோதிக்க வேண்டும் என்று நாள் தந்திருக்கிறார்கள். அம்மா கூனிக்கென்று கொல்லைப்புறத்தில் வேறொரு அம்மி போட்டிருக்கிறார்.