பள்ளியில் சீண்டல் புகார்: கைகுலுக்க வைத்து முடித்துவிடுவார்கள், விடாதீர்கள்

பள்ளியில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை விடாமல் சீண்டி மிரட்டுவதை (bullying) வகுப்பாசிரியரிடம் சொன்னது, அவர் காதுகொடுத்துக் கேட்டது எல்லாம் சிரமமில்லாமல் நடந்தது. கெட்டது அதற்குப் பிறகுதான். சீண்டிய பிள்ளையையும் சீண்டப்பட்ட பிள்ளையையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "சமாதானமாகப் போங்கள்" என்று கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு சமபலமுள்ள பிள்ளைகள் போட்டுக்கொண்ட சண்டைக்கு அது சரி. சீண்டல் வேறு. இதை 1970களிலேயே ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிராளியால் எதிர்த்து நிற்க முடியாமலிருப்பது. பள்ளிகள் கோட்டைவிடுவது மூன்றாவதை. மிரட்டுகிறவன் எதிரில் இருக்கும்போது எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும், அதையே எழுதிவைத்துக்கொள்வார்கள். வெளியே வந்ததும் "போட்டுக்கொடுத்தாயா?" என்று அடுத்த சுற்று தொடங்கும். ஆகவே "தனித்தனியாக விசாரியுங்கள், நேருக்கு நேர் உட்காரவைக்க வேண்டாம்" என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

புகார் வாய்வார்த்தையாக இருந்தால் அது நடக்கவே இல்லை என்று பொருள். மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். "அடிக்கடி கிண்டல் செய்கிறார்கள்" என்று எழுதினால் "பிள்ளைகள் விளையாட்டு" என்று பதில் வரும். தேதி, நேரம், இடம், செய்தவர், பக்கத்தில் இருந்தவர்கள், ஏற்கெனவே எந்த ஆசிரியரிடம் சொல்லப்பட்டது, இத்தனையும் வேண்டும். பிள்ளை சொன்ன சொற்களை மெருகேற்றாமல் அப்படியே எழுதுங்கள். கெட்ட வார்த்தையானாலும் சரி. கேமரா பதிவு பல இடங்களில் சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நடந்தால், அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே குழுவை விட்டு வெளியேற வேண்டும். ஆபாசப் படம் என்றால் மட்டும் எடுத்துவைக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. சட்டச் சிக்கல் உங்கள் பக்கம் திரும்பும். நேராகக் காவல்துறையிடம் காட்டுங்கள்.

"யார் உன்னை அடித்தது?" என்று பிள்ளையைக் குடையாதீர்கள். "எந்த இடத்துக்குப் போகாமல் இருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வீடு வரும்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்குப் பள்ளிக் கழிப்பறையில் என்னவோ நடந்துகொண்டிருக்கலாம்.

"என்ன தண்டனை கொடுத்தீர்கள்?" என்ற கேள்வியில் நேரத்தை வீணாக்காதீர்கள். அடுத்தவர் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார்கள். பாதுகாப்புத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள்: இடைவேளையில் கழிப்பறை, மாடிப்படி, பேருந்தின் பின்வரிசை ஆகியவற்றை யார் கவனிப்பார்கள், பிள்ளை உடனே போய்ச் சொல்ல வேண்டிய பெரியவர் யார், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கும் தேதி எது. இங்கே ஒரு பொறி உண்டு. "உங்கள் பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமே" என்பார்கள். நண்பர்களையும் இழந்து நிற்பது அடிவாங்கிய பிள்ளைதான். இடம் மாற வேண்டியது மற்றவர்.

வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றியும் கேளுங்கள். பின்லாந்துப் பள்ளிகளில் சீண்டலைத் தடுக்க உருவான கிவா (KiVa) திட்டம் அவர்களை மையமாக வைத்தே வகுப்பறைப் பாடங்களை நடத்துகிறது. கனடாவில் விளையாட்டுத் திடல்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வில், சக மாணவர் குறுக்கிட்டபோது 57 சதவீதம் சமயங்களில் சீண்டல் பத்து நொடிக்குள் நின்றது. குறுக்கிட்டவர்கள்தான் குறைவு.

"நீயும் திருப்பி அடி" என்று சொல்லி அனுப்ப வேண்டாம். ஆசிரியர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது அடி. சீண்டிய பிள்ளையின் பெற்றோருக்கு நீங்களே போன் போடுவதும் வேண்டாம். விஷயம் பெரியவர்கள் சண்டையாகிவிட்டால் பள்ளி நைசாக ஒதுங்கிக்கொள்ளும்.

அடிப்பது நின்றதும், நடந்ததை எழுதிவரும் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். கண்காணிப்பு வந்த பிறகு சீண்டல் ஓசையில்லாத வடிவத்துக்கு மாறும்: யாரும் பேசுவதில்லை, விளையாட்டில் சேர்ப்பதில்லை, குழுவிலிருந்து பெயரைத் தூக்கிவிடுகிறார்கள். அந்தப் பருவம் முடியும்வரை அதையும் தேதி போட்டு எழுதி, மறுபரிசீலனைக்குப் போகும்போது கொண்டுபோங்கள்.