தக்காணக் கற்களுக்கு ஒரு படக் கையேடு

தக்காணத்தில் கிடைக்கும் அகேட், ஜாஸ்பர் என்னும் சிலிக்கா வகைக் கற்களுக்கு நண்பர்கள் சிலர் சேர்ந்து படக் கையேடு ஒன்றைத் தொகுத்து வருகிறோம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பில் வளிக்குமிழிகள் விட்டுச்சென்ற குழிகளில், சிலிக்கா கலந்த நீரிலிருந்து படலம் படலமாகப் படிந்து உருவானவையே இப்பகுதியின் அகேட்டுகள். ஒளியை ஓரளவு கடத்துவது அகேட், கடத்தாதது ஜாஸ்பர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே கல்லில் கலந்து கிடக்கும்போதுதான் எங்களுக்குள் வழக்கு மூள்கிறது. ஆகவே ஒவ்வொரு கல்லையும் உலர்ந்த நிலையில் ஒன்று, நனைத்து ஒன்று, பின்னாலிருந்து விளக்கொளி பாய்ச்சி ஒன்று என மூன்று படங்களாக, அளவுகோலுடன் எடுக்க வேண்டும் என்று விதித்துக்கொண்டோம். நனைத்த படத்தை மட்டும் அனுப்புவோர்மீது எனக்குச் சற்றே கோபம் உண்டு. நீர் பட்டால் எந்தக் கூழாங்கல்லும் அழகுதான்.

நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. குஜராத்தின் ரத்தன்பூர்ச் சுரங்கக் கற்களைச் சூடேற்றி, அவற்றிலுள்ள இரும்புச் சேர்மத்தைச் சிவக்கச் செய்தே சூதுபவளம் (கார்னீலியன்) என்னும் செந்நிறக் கல்லாக்குகிறார்கள். அதே மாநிலத்தின் கம்பாத்து நகரக் கைவினைஞர்கள் அதில் மணிகள் கடைகிறார்கள். ஆகவே ஆற்றில் எடுத்ததா, கடையில் வாங்கியதா என்று குறிப்பிடாத படங்களை இப்போதைக்குத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.