நாமினி எழுதினால் நன்கொடை ஆகாது

ஆயுள் காப்பீட்டு பாலிசியை ஒரு பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துவிட நினைப்பவர்கள் கிளை அலுவலகத்துக்கு வந்தால், பெரும்பாலும் முதலில் கேட்பது நாமினி மாற்றும் படிவம்தான். மனைவி பெயரை எடுத்துவிட்டு அறக்கட்டளையின் பெயரை எழுதினால் வேலை முடிந்தது என்று எண்ணம். கவுண்டரில் இருப்பவரும் அதைத் திருத்துவதில்லை. அவருக்கு அது இன்னொரு படிவம், அவ்வளவுதான்.

நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்குகிறவர். பணத்துக்குச் சொந்தக்காரர் வாரிசுகளே என்று சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-இலேயே சொல்லிவிட்டது. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைத் திருத்தியபோது பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று ஆக்கினார்கள். அந்த வரிசையில் அறக்கட்டளை இல்லை. ஆகவே அறக்கட்டளை நாமினியாக இருந்து பணத்தை வாங்கினாலும், மகன் வந்து "எங்கப்பா பணம்" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. உயிலில் "என் பாலிசிப் பணம் இன்ன இல்லத்துக்கு" என்று எழுதுவார்கள். பாலிசியில் மனைவியே நாமினியாக நிற்பார். 2015 திருத்தத்தைக் காட்டி மனைவி பணம் தனக்கே என்று சொல்லலாம். உயிலைக் காட்டி இல்லமும் கேட்கலாம். வழக்குக்கு விதை போட்டாயிற்று. உயில்தான் வழி என்று ஒருவர் நினைத்தால், பாலிசியின் நாமினியையும் உயிலையும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உறுதியான வழி அசைன்மென்ட், அதாவது உரிமை மாற்றம். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு. இதில் முழு உரிமை மாற்றம், நிபந்தனையுடன் கூடியது என இரண்டு வகை. நிபந்தனை வகையில் பாலிசிதாரர் முதிர்வுத் தேதி வரை உயிரோடு இருந்தால் உரிமை அவருக்கே திரும்பும்படி எழுதலாம். ஆனால் அதைப் பெற்றவர் பாலிசிமேல் கடன் வாங்கவோ சரண்டர் செய்யவோ (இடையிலேயே முடித்துப் பணம் பெறவோ) முடியாது. முழு உரிமை மாற்றத்தில் பாலிசி கைமாறிவிடுகிறது. பழைய நாமினேஷன் தானாகவே ரத்தாகும். மனம் மாறினால் திரும்பப் பெற வழியில்லை. அறக்கட்டளையே மறுபடி எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. வீட்டில் கலந்து பேசாமல் இதில் கையெழுத்துப் போடச் சொல்லும் ஏஜெண்ட் நல்லது செய்யவில்லை.

மனைவி, பிள்ளைகள் நலனுக்காக 1874-ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்த பாலிசி என்றால் பேச்சுக்கே இடமில்லை. அது ஏற்கெனவே அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்து. பாண்டில் (பாலிசிப் பத்திரத்தில்) அந்தக் குறிப்பு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, கடன் நிலுவை. பாலிசிமேல் கடன் வாங்கியிருந்தால் அதை அடைத்துவிட்டு மாற்றுவதே நல்லது.

உரிமை மாற்றத்தை பாண்டின் பின்புறத்திலேயே எழுதினால் முத்திரைத்தாள் வேண்டாம். தனிப் பத்திரமாக எழுதினால் முத்திரைத்தாள் செலவு உண்டு. ஒரு சாட்சியாவது கையெழுத்திட வேண்டும். யாருக்கு, ஏன், எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இந்த "ஏன்" என்ற இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். குடும்பத்தாருக்கு எழுதும் "அன்பின் பொருட்டு" என்ற வாசகத்தை அப்படியே நகலெடுத்து அறக்கட்டளைக்கும் எழுதுவார்கள். அறப்பணிக்கு நன்கொடையாக, கைமாறு எதுவும் பெறாமல் என்று வெளிப்படையாக எழுதுவதே சரி. ஏனென்றால் 2015-க்குப் பிறகு, பாலிசியை வாங்கி விற்கும் வியாபாரமாகத் தெரிந்தால் நிறுவனம் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். இன்று பாலிசி எடுத்து நாளை மாற்றிக் கொடுத்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

பெறுபவர் பெயரில் இன்னொரு பிழை. அறக்கட்டளையை நடத்துகிறவரின் சொந்தப் பெயரை எழுதிவிடுவார்கள். அவர் இறந்தால் பாலிசி அவருடைய வாரிசுகளின் சொத்துபோல ஆகிவிடும். "இன்ன அறக்கட்டளைக்காக, அதன் அப்போதைய அறங்காவலர்கள்" என்று, பதிவு எண்ணும் ஆண்டும் சேர்த்து எழுத வேண்டும். பெயர் அறக்கட்டளைப் பத்திரத்திலும் பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "சாரிட்டபிள்" என்ற ஒரு சொல் ஓரிடத்தில் விடுபட்டாலும் கிளெய்ம் பணம் வங்கியில் ஏறாமல் திரும்பலாம். அறங்காவலர் கூட்டத்தின் தீர்மான நகலும் இணைத்தால் நல்லது. எழுதியதோடு முடியவில்லை: அசலையோ சான்றளித்த நகலையோ அறிவிப்புடன் கிளையில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். நிறுவனத்தைப் பொறுத்தவரை அந்த அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்துதான் மாற்றம் செல்லும். பீரோவில் வைத்த பாண்டுக்குப் பலம் இல்லை.

அறக்கட்டளை பக்கத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை எந்தெந்த வடிவில் வைத்திருக்கலாம் என்று வருமான வரிச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. வருடக்கணக்கில் பாலிசியை வைத்திருப்பது அதற்குள் வருமா என்று அவர்களுடைய ஆடிட்டரைக் கேட்காமல் வாங்கிக்கொள்வது வம்பு.

வரிச் சலுகை பற்றிய எதிர்பார்ப்பும் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிக் கழிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு. பாலிசியையே கொடுத்தால் அது பொருள் நன்கொடை, கழிவு கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. மாற்றிக் கொடுத்த பிறகு பிரீமியத் தொகையை ஆண்டுதோறும் வங்கி வழியாக அறக்கட்டளைக்கு அனுப்பி, அவர்கள் கட்டினால் அது பண நன்கொடை ஆகும். அதற்கு அறக்கட்டளை தரும் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கழிவு பாதித் தொகைக்கே. முதிர்வு நெருங்கிவிட்ட பாலிசி என்றால் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம். பணம் கணக்கில் ஏறியதும் காசோலை எழுதிக் கொடுப்பதே எளிது.

மாற்றிய பாலிசிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் ஆண்டில். கொடுத்தவர் இனி நம்முடையதல்ல என்று பிரீமியத்தை மறக்கிறார், நினைவூட்டல் அவருடைய பழைய கைபேசி எண்ணுக்குப் போகிறது, அறக்கட்டளைக்குத் தெரியாது. ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு அவகாசம் 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள். அதைத் தாண்டினால் பாலிசி லேப்ஸ் ஆகி காலாவதியாகும், அல்லது பெய்டு-அப் ஆகி, கட்டிய தவணைகளுக்கேற்பத் தொகை குறையும். 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி (இறந்தாலும் முதிர்ந்தாலும் பணம் தருவது), 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 10 ஆண்டு கட்டி நிறுத்தினால் 2.5 லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும்தான். புதுப்பித்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு வரை நிறுவனம் உடல்நல விவரங்களைக் கிளறிப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக இறப்பு. கொடுத்தவர் இறந்த செய்தியே அறக்கட்டளைக்கு வருவதில்லை. பாலிசி எண், தவணைத் தேதி, குடும்பத்தில் ஒருவரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம் கட்டும்போது அந்த எண்ணுக்குப் பேசுவது போதும். இறப்புச் சான்றிதழ் குடும்பத்திடம்தான் இருக்கும். அதன் நகல் இல்லாமல் கிளையில் எதுவும் நகராது. பாண்டை மட்டும் முதல் நாளே அறக்கட்டளை கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.