சாவு வீட்டையும் கணக்கில் சேர்த்தோம்

எங்கள் ஆய்வுக்கு 'ஆசிய நகரங்களில் இன உறவுகள்' என்றுதான் முதலில் தலைப்பு வைத்தோம். நான் சமூகவியல் மாணவி. உடன் கட்டடக்கலை படித்த ஒருத்தி, புள்ளியியல் படித்த ஒருவன். வழிகாட்டிய பேராசிரியர் தலைப்பைப் பார்த்துவிட்டு, "போய் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். எரிச்சலோடு சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்துக்குப் போனோம்.

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் தரைத்தளம் பெரும்பாலும் வீடுகளின்றித் திறந்தே கிடக்கும். மலாய்க் கல்யாணம், சீனர் சாவுச் சடங்கு எல்லாம் அங்கேதான். மேலே உள்ள வீடுகளை 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஆள்கிறது. இந்தியரும் பிற இனத்தவரும் ஒரு புளோக்கில் 13 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது, 2010இல் 15 ஆனது. அது நிரம்பிவிட்டால், அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் விற்றால்தான் இந்தியர் அங்கே வீடு வாங்க முடியும்.

இதெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் இப்படி ஓர் ஆய்வுக்குப் போனால், "அண்டை வீட்டாருடன் ஒற்றுமையாக இருக்கிறீர்களா?" என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ஊருக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு தமிழ்ப் பாட்டி எதிரே இருந்த சீனக் குடும்பத்தின் கதவைக் காட்டினார். அதே புளோக்கில் மகனுக்கு வீடு வாங்கப் பார்த்து, ஒதுக்கீடு நிரம்பியதால் முடியாமல் போன கதையையும் அவர்தான் சொன்னார்.

ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வருமுன் ஒலிப்பதிவைத் தொடங்காதீர்கள். அவசரப்பட்டு எடுத்த நான்கு பேட்டிகளை நாங்கள் அழிக்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று, அப்படி ஒரு பேட்டி பிறகு கிடைக்கவே இல்லை.

பெரிய சண்டை வேறு. கீழ்த்தளத்தில் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பேர் என்று நண்பன் எண்ணிவந்தான். நடுவில் ஒரு சீனர் சாவு. மூன்று நாள் கூட்டம். சராசரியைக் கெடுக்கிறது, நீக்கிவிடலாம் என்றான். நான் ஒப்பவில்லை. இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட இல்லை. கட்டடக்கலைக்காரிதான் தீர்த்துவைத்தாள்: இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு நகர மன்றம் முறையாக அனுமதி தருகிறது, அப்படியிருக்க அதை எப்படி விதிவிலக்கு என்பது? நாற்காலிகள், பந்தல், வந்தவர்கள் எந்த வழியாக நடந்தார்கள் என்பதையெல்லாம் அவள் ஏற்கெனவே வரைந்துவைத்திருந்தாள். நண்பன் அட்டவணையில் தனி நிரல் போட்டான்.

அறிக்கையில் அந்த மூன்று நாள்களுக்கு மட்டும் எட்டுப் பக்கம் போயிற்று.