மாருதி 800: இடது ரன்னிங் போர்டு முடிந்தது

என் பழைய மாருதி 800 காரில் ஒரு பக்கத் தகர வேலை ஒருவழியாக முடிந்தது. 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி இல்லை இது, 1986-இல் உடம்பு மாறி வந்த இரண்டாம் தலைமுறை. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, அதைத் தொடவில்லை. எங்கள் ஊரான மண்டபத்தில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் விரிகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்புதான், அதனால் கவலையெல்லாம் தகரத்தைப் பற்றியே.

இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. மெல்லிய தகரத்தைப் பெட்டி பெட்டியாக மடித்து புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதான் பாரம் தாங்குகிறது. முழு வண்டியும் சுமார் 650 கிலோவில் அடங்கியதற்கு அது முக்கியக் காரணம். இன்ஜினைக் குறுக்காக வைத்து முன் சக்கரத்தை ஓட்டியதால் உள்ளே காலுக்கு இடமும் கிடைத்தது. ஒவ்வொரு மடிப்பைப் பார்க்கும்போதும் செய்தவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும் அப்படி ஒரு பெட்டிதான். அது அரித்தால் வண்டியின் பலமே குறையும்.

அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. கம்பி விட்டுக் குடைந்ததும் முதலில் ஈர மணல் கொட்டியது, அப்புறம் நொறுங்கிய அப்பளம் போலத் துரு. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. டிங்கர் அண்ணன் விரலால் தட்டிப் பார்த்தார். “வெளிய பட்டி போட்டு மூடுனா உள்ள அரிச்சுக்கிட்டேதான் இருக்கும் தம்பி. வெட்டிருவோம்.”

கதவுச் சட்டம் அசையாமல் இருக்க முதலில் குறுக்கே இரும்புப் பட்டை பிடித்துக்கொண்டோம். பிறகு வெட்டி, 20 கேஜ் கனமுள்ள சி.ஆர். ஷீட்டை (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) அளவாக மடித்து வைத்தோம். ஒரே இழுப்பாக ஓட்டினால் தகரம் நெளிந்துவிடும் என்று அண்ணன் இடம் மாற்றி மாற்றி வெல்டிங் புள்ளி வைத்தார்.

பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பிரைமருக்கு முன் கழுவுவதுதான் இந்த ஊரில் பெரிய வேலை. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் விலைக்கு வாங்கிய குடத் தண்ணீரில்தான் கழுவினேன். உப்பு ஒட்டியிருந்தால் அது ஈரத்தை இழுத்து, பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளப்பும். நன்றாக வெயிலில் காயவைத்து பிரைமர் அடித்தபின், நீளக் குழாய் விட்டுப் பெட்டிக்குள் துருவைத் தடுக்கும் மெழுகு ஏற்றினோம்.

வலது பக்கம் தட்டினால் கணீரென்று கேட்கிறது. அங்கே துளைகளைத் திறந்து மெழுகு ஏற்றினால் போதும். அடுத்தது பின் காயில் ஸ்பிரிங் உட்காரும் இடங்கள். மண் அப்பிக் கிடக்கிறது, வாடைக் காற்று தொடங்குவதற்குள் சுரண்டிப் பார்த்துவிட வேண்டும்.