எலும்பு மஜ்ஜை ஸ்லைடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட அனுபவம்

நோய்க்குறியியல் முதுகலைப் படிப்பில் ரத்தவியல் பிரிவுக்கு அனுப்பப்பட்டபோது, சுற்றோட்ட ரத்தத்தின் ஸ்மியரை (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தத்தை) ஓரளவு நம்பிக்கையோடு பார்க்கத் தெரிந்திருந்தது. நியூட்ரோபில், லிம்போசைட், மோனோசைட் என்ற வெள்ளணு வகைகள் என்று முதிர்ந்த உயிரணுக்கள் மட்டுமே அங்கே எதிர்ப்படும். ரத்த உயிரணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் அந்த வசதி கிடையாது. ஒரே உயிரணு பிறந்ததிலிருந்து முதிரும் வரை எடுக்கும் எல்லா உருவங்களும் ஒரே பார்வைப் புலத்தில் அருகருகே கிடக்கும். ஒரு நிலை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது.

அட்லஸ் படங்களை மனப்பாடம் செய்துகொண்டு ஸ்லைடில் அதே முகத்தைத் தேடுவதுதான் பெரும்பாலானவர்கள் தொடங்கும் வழி. எங்கள் பேராசிரியர் அதை அனுமதிக்கவில்லை. ஆசிரியர், மாணவர் என இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பின் எதிர்ப்பக்கம் அமர்ந்து, சுட்டும் அம்பை ஒரு உயிரணுவின் மேல் நிறுத்திவிட்டு, "பேரைச் சொல்லாதீங்கம்மா. முதல்ல உட்கருவைப் பத்திச் சொல்லுங்க, அப்புறம் சைட்டோபிளாசத்தைப் பத்திச் சொல்லுங்க" என்பார். உட்கருவில் உள்ள மரபுப்பொருளான குரோமாட்டின் நயமாக விரிந்திருக்கிறதா, திரண்டு கட்டியாகியிருக்கிறதா, உட்கருவுக்குள் பொட்டுபோல் இருக்கும் நியூக்ளியோலஸ் தெரிகிறதா, உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தின் நிறம் என்ன, துகள்கள் உண்டா என்று வரிசையாகச் சொல்லி முடிக்கும்போது பெயர் தானாகவே வந்து நிற்கும். மஜ்ஜையைப் படிக்க இதைவிடச் சிறந்த பயிற்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு முதலில் பிடிபட்டது சிவப்பணு வரிசை. அதன் முதல் நிலையான புரோ எரித்ரோபிளாஸ்டின் உட்கரு பெரியதாகவும் வட்டமாகவும் இருக்கும். சைட்டோபிளாசம் அடர்ந்த நீலமாக இருக்கும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களில் உள்ள ஆர்.என்.ஏ., ஸ்லைடுக்கு ஏற்றும் லீஷ்மேன் சாயத்தின் நீலப் பகுதியை ஈர்த்துக்கொள்வதே அந்த நிறத்துக்குக் காரணம். ஹீமோகுளோபின் சேரச் சேர அது சாயத்தின் சிவப்புப் பகுதியான இயோசினைப் பிடித்து இளஞ்சிவப்பாகிறது. நீலமும் சிவப்பும் கலந்திருக்கும் இடைக்காலத்தில் சைட்டோபிளாசம் சாம்பல் பூத்துத் தெரிகிறது. பேசோஃபிலிக், பாலிகுரோமேட்டிக், ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற மூன்று நிலைகளையும் இப்படி ஒரே வேதிமாற்றத்தின் தொடர்ச்சியாகப் பார்க்கத் தொடங்கியதும் மனப்பாடத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. கடைசியில் உட்கரு கறுத்துச் சுருங்கி வெளியே தள்ளப்படுகிறது. அதை மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு உயிரணு விழுங்கிவிடுகிறது. 1868-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் எர்ன்ஸ்ட் நியூமான், உட்கரு உள்ள சிவப்பணுக்களை எலும்பு மஜ்ஜையில் கண்டுதான் ரத்தம் அங்கே உருவாகிறது என்று அறிவித்தார் என்பதைப் பின்னர் படித்தபோது, தினமும் நான் பார்க்கும் அதே உயிரணுவின் முன் அவரும் நின்றிருக்கிறார் என்ற எண்ணம் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

நிறத்தை நம்பி வேலை செய்வதால் சாயமேற்றுவதில் கவனம் குறையக்கூடாது. சாயத்தோடு சேர்க்கும் பஃபர் நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 6.8 அளவில் இருக்க வேண்டும். காரத்தன்மை கூடினால் ஸ்லைடு முழுவதும் நீலம் ஏறி, பாலிகுரோமேட்டிக் நிலை ஒரு படி இளையதாகத் தோன்றும். ஆகவே இளம் உயிரணுக்களைத் தேடும் முன், அதே ஸ்லைடில் உள்ள முதிர்ந்த சிவப்பணுக்களின் நிறத்தையும் நியூட்ரோபிலின் துகள்களையும் பார்த்துவிடுவது என் வழக்கமாயிற்று.

வெள்ளணு வரிசை இவ்வளவு எளிதாக வசப்படவில்லை. முதிர முதிர உயிரணு சிறுக்கும் என்ற பொதுவிதி இங்கே தொடக்கத்திலேயே உடைகிறது. இந்த வரிசையின் முதல் நிலையான மயலோபிளாஸ்டுக்கு அடுத்து வரும் புரோமயலோசைட் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அதன் ஊதா கலந்த சிவப்புத் துகள்கள் உட்கருவின் மேலும் சிதறிக் கிடக்கும். அடுத்த நிலையான மயலோசைட்டில் நுண்ணிய இரண்டாம்வகைத் துகள்கள் தோன்றுகின்றன. பிளவுபடும் ஆற்றல் உள்ள கடைசி நிலை அதுவே. அதன்பின் உட்கருவின் வடிவம்தான் வழிகாட்டி: உட்கருவில் விழும் பள்ளம் அதன் அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் மெட்டாமயலோசைட், பாதியைத் தாண்டினால் அடுத்த நிலையான பேண்ட்.

இந்தப் பயிற்சியின் பயனை முழுமையாக உணர்த்தியது, எல்லா வகை உயிரணுக்களும் குறைந்து, லுகேமியாவாக (ரத்தப் புற்றுநோயாக) இருக்குமோ என்ற சந்தேகத்தோடு அனுப்பப்பட்ட ஒரு பெண்மணியின் மஜ்ஜை. குறைந்த உருப்பெருக்கத்தில் புலம் முழுவதும் பெரிய நீல உயிரணுக்கள் நிரம்பியிருந்தன. பார்த்தவுடன் பிளாஸ்டுகள் (லுகேமியாவில் பெருகும் மிக இளம் உயிரணுக்கள்) என்றே சொல்லத் தோன்றும். மிகுந்த உருப்பெருக்கம் தரும் ஆயில் இம்மர்ஷன் லென்ஸை வைத்து, உட்கருவையும் சைட்டோபிளாசத்தையும் தனித்தனியே விவரித்துக்கொண்டே போனேன். சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகி ஹீமோகுளோபின் நிறைந்துவிட்ட உயிரணுக்களிலும் குரோமாட்டின் திரளாமல் சல்லடைபோல் விரிந்தே இருந்தது. சைட்டோபிளாசம் முன்னேறிவிட, உட்கரு பின்தங்கி நிற்கும் இந்த ஒத்திசைவின்மை, டி.என்.ஏ. தயாரிப்பு தடைப்படும் மெகாலோபிளாஸ்டிக் ரத்தசோகையின் அடையாளம். பக்கத்திலேயே பருத்த மெட்டாமயலோசைட்டுகளும் இருந்தன. வைட்டமின் பி12 அளவு மிகக் குறைவாக வந்தது. ஊசி தொடங்கிய ஒரு வாரத்தில் ரெட்டிகுலோசைட்டுகள் எனப்படும் புதிய சிவப்பணுக்கள் ஏறின. கீமோதெரபி பற்றிய பேச்சு வரை போயிருந்த குடும்பத்துக்கு, ஒரு வைட்டமின் குறைபாட்டைத் தெரிவிக்க முடிந்தது. படத்தோடு படம் பொருத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்திருந்தால் அந்த ஸ்லைடு என்னைத் தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றிருக்கும்.

குழந்தைகளின் மஜ்ஜையில் வேறொரு கவனம் தேவை. ஹீமாட்டோகோன் எனப்படும் இயல்பான பி-லிம்போசைட் முன்னோடிகள் அங்கே ஏராளமாக இருக்கும். தோற்றத்தில் அவை லுகேமியாவில் காணும் லிம்போபிளாஸ்டுகளை அப்படியே ஒத்திருக்கும். கண்ணால் மட்டும் முடிவு சொல்லாமல் உயிரணுக்களின் மேற்பரப்புப் புரதங்களை வைத்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்புவதே முறை.

எண்ணிக்கைக்கு, ஸ்லைடில் பரப்பிய சிறு மஜ்ஜைத் துண்டுகளின் பின்புறம் உயிரணுக்கள் நசுங்காமல் பரவியிருக்கும் இடத்தைத் தேர்ந்து 500 உயிரணுக்களை எண்ணுகிறோம். வெள்ளணு முன்னோடிகளுக்கும் சிவப்பணு முன்னோடிகளுக்கும் உள்ள விகிதம் பெரியவர்களிடம் பொதுவாக 2:1 முதல் 4:1 வரை இருக்கும். இரண்டு நிலைகளுக்கு நடுவே நிற்கும் உயிரணுவை முதிர்ந்த பக்கத்தில் சேர்ப்பது நாங்கள் கைக்கொள்ளும் வழக்கம். அதனால் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. பிளாஸ்ட் எண்ணிக்கையில் மட்டும் அந்தத் தாராளம் காட்ட முடியாது, ஏனெனில் கடும் மயலாய்டு லுகேமியாவின் பல வகைகளுக்கு 20 சதவீதமே எல்லை. அந்த எல்லையை ஒட்டி வரும் ஸ்லைடை, என் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொருவரும் எண்ணுகிறார். இரண்டையும் வைத்துப் பேசிய பிறகே அறிக்கையில் கையெழுத்திடுகிறேன்.